அண்ணன் நின்றுகொண்டே வந்தார்

நான் பிறந்தது உண்மைதானா என்று சிங்கப்பூரில் என் குடியுரிமை விண்ணப்பத்தைப் பார்த்த ஒரு பெண் அதிகாரிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எழுபத்தெட்டு கிலோ எடையோடு அவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். அது போதவில்லை. பள்ளிச் சான்றிதழைக் காட்டினேன். அது நான் படித்ததற்குத்தான் ஆதாரமாம், பிறந்ததற்கு இல்லையாம். ஆக, நான் பிறந்ததை நிரூபிக்க ஆறு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தேன்.

ஊர் என்றால் குரோம்பேட்டையை ஒட்டிய அஸ்தினாபுரம். அங்கே ஜீனத் அக்கா இருக்கிறாள். மச்சான் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. பாரிமுனையில் ஒரு நோட்டுப் புத்தக மொத்தக் கடையில் பில் போடும் வேலை அவளுக்கு. அந்த வேலையில்தான் மகளைத் திருச்சியில் விடுதியில் விட்டுப் படிக்கவைக்கிறாள். நான் பணம் அனுப்பட்டுமா என்று கேட்டால், "உன் குடும்பத்தைப் பாருடா" என்று போனை வைத்துவிடுவாள்.

விமான நிலையத்திலிருந்து வீடு கூப்பிடு தூரம். ஆட்டோ முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டது. சிங்கப்பூரில் முக்கால் மணி நேரத்தில் நாடே முடிந்து கடல் வந்துவிடும். வழியெல்லாம் ஒரே சுவரொட்டி. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர், பின்னால் ஒரு ரயில், இரண்டும் ஒரே உயரம். 'மக்களோடு மக்களாக, நின்றுகொண்டே வருகிறார் அண்ணன்' என்று எழுதியிருந்தது. யார் இவர் என்று டிரைவரிடம் கேட்டேன்.

"அவரு நம்ம ஏரியா முன்னாள் எம்.எல்.ஏ. சார். ட்ரெயின்ல கூட்டம் பிதுங்குது, பன்னெண்டு பெட்டி வுடுங்கன்னு மீட்டிங்ல பேசினாரு. எதிர்க்கட்சிக்காரன் வுடுவானா? நீ ட்ரெயின பாத்து பத்து வருஷம் ஆச்சு, உனக்கு இன்னா தெரியும்னு கேட்டுட்டான். இவருக்கு ரோஷம் வந்துச்சு. தாம்பரத்துலேர்ந்து பீச் ஸ்டேஷன் வரைக்கும் நின்னுகினே போறேன்னு சவால் வுட்டுட்டாரு."

"போவாரா?"

"அவரு வூட்ல மூணு காரு கீது சார்" என்றார் டிரைவர். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அண்ணன் என்னைவிட வயதில் சிறியவராகத்தான் இருப்பார். ஆனால் அரசியலில் சேர்ந்த அன்றே எல்லாருக்கும் அண்ணனாகிவிடுகிறார்கள். அதற்குச் சான்றிதழ் எதுவும் கேட்பதில்லை. கட்சிப் பெயரை நான் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் சொல்லாவிட்டாலும் சுவரொட்டி ஒன்றுதான்.

அன்று மாலை அக்கா எட்டேகாலுக்கு வந்தாள். கொய்யாப்பழத்தைத் துண்டு போட்டு மிளகாய்த்தூள் தடவித் தந்துவிட்டு, சமையலறையில் கறிக்குழம்பைச் சூடு பண்ணிக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். கடை ஒன்பதரைக்குத் திறக்கிறது. இந்த மாதம் இரண்டு தடவை தாமதமாகிவிட்டது. இன்னொரு தடவை தாமதமானால் வரவே வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

"நல்ல மனுஷன்தான். ஆனா சொன்னா செய்வாரு" என்றாள். அண்ணனுக்கும் அவருக்கும் அதுதான் வித்தியாசம் என்று நான் ஜோக்கடித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

இரண்டாம் நாள் பிறப்புச் சான்றிதழ் வேட்டைக்குக் கிளம்பினேன். நகராட்சி அலுவலகத்தில் ஒரு மின்விசிறி, நான்கு மேசை, இரண்டு மனிதர்கள். ஒருவர் சாப்பிடப் போயிருந்தார். மணி பதினொன்று. இருந்தவர் என் விண்ணப்பத்தை அனுதாபத்தோடு பார்த்தார்.

"எந்த ஆஸ்பத்திரியில பொறந்தீங்க?"

சிட்டியில் என்றேன்.

"அப்ப நீங்க எங்ககிட்ட பொறக்கலையே சார். அங்க போய்க் கேளுங்க." ஏதோ நான் கணக்குத் தவறிப் பக்கத்து ஊரில் பிறந்துவிட்டதுபோல முகத்தை வைத்துக்கொண்டார்.

தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு டீக்கடையில் நின்று வாழைக்காய் பஜ்ஜி சாப்பிட்டேன். சிங்கப்பூரில் இதே பஜ்ஜியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துச் சுகாதாரச் சான்றிதழோடு விற்பார்கள்; வாயில் வைக்க விளங்காது. கடையில் அண்ணனின் ரயில் பயணம்தான் பேச்சு. எல்.ஐ.சி. பையோடு வந்த ஒருவர் கூட்டம் என்பதே பொய் என்று வாதாடினார்.

"பத்து நிமிஷத்துக்கு ஒரு வண்டி வுடறான் சார். கூட்டமே கிடையாது. இவங்க எல்லாரும் ஒரே வண்டியில ஏர்றாங்க, அதான் பிரச்சனை."

எல்லாரும் ஒரே நேரத்தில் வேலைக்குப் போவதும் ஒரு தப்புதான் என்று டீ போடுகிறவர் ஒப்புக்கொண்டார். நீங்கள் எதில் போவீர்கள் என்று எல்.ஐ.சி.காரரைக் கேட்டேன். "டூ வீலர்" என்றார்.

மூன்றாம் நாள் சிட்டிக்குப் போக வேண்டும். அக்காவோடு ரயிலிலேயே போய்விடலாம் என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏறிடுவியா?" என்றாள். இருபது வருடம் இதே ரயிலில் போனவன் நான். சிங்கப்பூரில் கதவு தானாகத் திறந்து, தானாக மூடி, மன்னிப்பும் கேட்கும். அந்தச் சொகுசில் உடம்பு மறந்திருக்கும் என்று அவள் நினைத்தது சரிதான்.

பாரிமுனை வடக்கே, கடற்கரை ஸ்டேஷனை ஒட்டி இருக்கிறது. காலை ஏழே முக்காலுக்கு அக்கா என்னைத் தெற்கே போகும் ரயிலில் ஏற்றினாள்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். குரோம்பேட்டைக்கு வருவதற்குள் தாம்பரத்திலேயே வண்டி நிரம்பிவிடுகிறது. கால் வைக்க இடம் இருக்காது. ஆகவே குரோம்பேட்டை, பல்லாவரத்துக்காரர்கள் தாம்பரம் போகிற காலி வண்டியில் ஏறி, பின்னோக்கி இரண்டு மூன்று ஸ்டேஷன் போய், சீட்டை விட்டு எழுந்திருக்காமல் அதே வண்டியில் திரும்பி வருவார்கள். இதற்கு 'ரிவர்ஸ் போறது' என்று பெயர். முன்னேறுவதற்காகப் பின்னால் போகிற இந்த வித்தையை உலகத்தில் வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

சிக்கல் ஒன்று உண்டு. அக்காவிடம் இருப்பது குரோம்பேட்டை - கடற்கரை சீசன் டிக்கெட். தாம்பரம் வரை போய்வர அது செல்லாது. தாம்பரத்துக்கே சீசன் எடுத்தால் என்ன என்று கேட்டேன்.

"என் வீடு குரோம்பேட்டையில. வேலை பீச்சுல. தாம்பரத்துல எனக்கு என்ன இருக்கு? அவன் எனக்கு இடம் குடுக்காததுக்கு நான் எதுக்குடா டிக்கெட் எடுக்கணும்?"

வாதத்தில் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. லேடீஸ் பெட்டியில் ரிவர்ஸ் போகிற பெண்கள் ஐம்பது பேராவது இருப்பார்களாம்; எல்லாருக்கும் இதே வாதம்தான். டிக்கெட் பரிசோதகர்களுக்கும் தெரியுமாம். ஆனால் வாய்விட்டு யாரும் சொல்வதில்லை; அதனால் அது நடப்பதில்லை என்று அர்த்தம்.

அன்று எனக்காக அக்கா பொதுப் பெட்டியில் ஏறினாள். ஜன்னலோரம் ஜம்மென்று உட்கார்ந்து தாம்பரம் போய்ச் சேர்ந்தோம். சேர்ந்ததும் ஒலிபெருக்கி இந்த வண்டி பணிமனைக்குப் போகிறது, பயணிகள் வேறு பிளாட்பாரத்துக்குப் போகவும் என்றது. அதை ஒரு பெண் குரல் மூன்று மொழிகளில் மிக இனிமையாகச் சொன்னது. முதல் மொழி முடிவதற்குள் முந்நூறு பேர் மேம்பாலத்தில் ஓடிக்கொண்டிருந்தார்கள். அக்காவின் முழங்கால் ஏற்கெனவே வீங்கியிருந்தது. அவளும் ஓடினாள்; நான் அவள் பையை வாங்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

எதிர்ப்பட்ட பெட்டியில் ஏறினால், அதற்குள் அண்ணன்.

ஜன்னல் சீட்டில் முன்கூட்டியே கட்சிக்கரை போட்ட துண்டு விரித்து இடம் பிடித்து வைத்திருந்தார்கள். நின்றுகொண்டு வருவதாகச் சவால் விட்டவருக்கு எதற்குச் சீட்டு என்று யாருக்கும் தோன்றவில்லை. தலைவர் வந்தால் நாற்காலி போட வேண்டும். கை அந்தப் பழக்கத்தில் போட்டுவிட்டது. "ஒரே ஒரு போட்டோ அண்ணே" என்று போட்டோகிராபர் பிளாட்பாரத்தில் நின்று கெஞ்ச, அண்ணன் உட்கார்ந்து கையசைத்தார். கிளிக். வண்டி கிளம்பியது. போட்டோகிராபர் ஏற முயன்றார். கூட்டம் அவரைக் கேமராவோடு திருப்பிப் பிளாட்பாரத்தில் வைத்துவிட்டது. தொண்டர்கள் ஆளுக்கொரு மூலைக்கு அடித்துச் செல்லப்பட்டார்கள்.

அண்ணன் எழுந்திருக்கப் போவதில்லை என்று நான் மனதுக்குள் பந்தயம் கட்டினேன். அடுத்த ஸ்டேஷனான சானடோரியம் வருவதற்குள் தோற்றேன். அக்கா முகம் வெளிறி, கம்பியைப் பிடித்தபடி அப்படியே சரிந்தாள். அண்ணன் சட்டென்று எழுந்து, "அக்கா, நீங்க உக்காருங்க" என்று அவள் தோளைத் தாங்கி உட்காரவைத்தார். கேமரா இல்லை, மைக் இல்லை, தொண்டன்கூடப் பார்க்கவில்லை. பார்த்தவன் நான் ஒருவன்தான்.

அதன் பிறகு அவர் நின்றார். நிற்கத் தெரியவில்லை, பாவம். பல்லாவரத்தில் சட்டைப் பை கிழிந்தது. கிண்டியில் ஒரு செருப்பு போனது. மாம்பலத்தில் ஒருவர் அவர் காலில் ஏறி நின்றுகொண்டு, "கொஞ்சம் உள்ள போயா, பெரிய எம்.எல்.ஏ. மாதிரி நிக்கிற" என்றார். அண்ணன் உள்ளே போனார்.

"தினம் இப்படித்தானாக்கா?" என்று கேட்டார்.

"இன்னிக்குக் கூட்டம் கம்மி சார்" என்றாள் அக்கா.

எங்கே இருக்கிறீர்கள் என்று விசாரித்தார். அஸ்தினாபுரம், தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் என்றாள். கடற்கரை வரை ஒற்றைச் செருப்போடு நின்றுதான் வந்தார் என்று அக்கா மாலையில் சொன்னாள். நான் மாநகராட்சி அலுவலகத்துக்காகப் பார்க் ஸ்டேஷனிலேயே இறங்கிவிட்டேன். அக்கா ஒன்பது இருபத்தெட்டுக்குக் கடைக்குள் கால் வைத்தாளாம்.

நான்காம் நாள், ஊரெல்லாம் புதுச் சுவரொட்டி. எதிர்க்கட்சி ஒட்டியது. ஜன்னலோரம் உட்கார்ந்து கையசைக்கிற அண்ணன். போட்டோகிராபர் அதே படத்தை இரண்டு பக்கமும் விற்றிருந்தார். 'நின்றாரா? உட்கார்ந்தாரா? கூட்டம் எங்கே?' என்று கேட்டிருந்தார்கள். அண்ணன் நின்றேன் நின்றேன் என்று போகிற இடமெல்லாம் சொன்னார். இடம் கொடுத்தேன், அந்த அக்காவைக் கேளுங்கள் என்றார். ஒருவரும் நம்பவில்லை. இருபது வருடமாகச் சொன்ன பொய்யெல்லாம் நம்பப்பட்டுவிட்டது. ஒரே ஒரு தடவை உண்மை சொன்னார், மாட்டிக்கொண்டார். அவர் ஊதிப் பெரிதாக்குகிறார் என்றால் கூட்டமும் பொய்தான் என்று டீக்கடையில் தீர்ப்பாகிவிட்டது. எல்.ஐ.சி.காரர் எனக்கு ஒரு டீ வாங்கித் தந்தார்.

ஐந்தாம் நாள் பிறப்புச் சான்றிதழ் கையில் கிடைத்தது. தந்தை பெயர், தாய் பெயர், தேதி எல்லாம் சரி. என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ஆண் குழந்தை' என்று இருந்தது. அரசாங்கக் கணக்கில் நான் இன்னும் பெயர் வைக்கப்படாமல் இருக்கிறேன். பெயர் சேர்க்கத் தனி விண்ணப்பமாம். அதற்கு ஒரு மாதமாம்.

அன்று மாலை ஆறரைக்கு வாசலில் ஒரு சுமோ வந்து நின்றது. கடைக்கு அன்று வார விடுமுறை, அக்கா வீட்டில்தான் இருந்தாள். ஒரு தொண்டர் இறங்கிக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"எக்கா, தண்ணி டேங்காண்ட நாலு தெரு விசாரிச்சி வந்துகிறோம். அண்ணன் ரொம்ப பேஜாரா கீறாரு. ரெண்டு நாளா சோறு துன்னல. இன்னிக்கு கேபிள் டிவில விவாதம். நீங்க வந்து ஒரு வார்த்தை, அவரு நின்னாருன்னு சொன்னா போதும்."

நான் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, வேண்டாம் என்றேன். அரசியல் நமக்கு எதற்கு என்றேன். அவர் நின்றால் என்ன, படுத்தால் என்ன என்றேன். அக்கா துப்பட்டாவை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். துணைக்கு வா என்றாள்.

உள்ளூர் கேபிள் சேனல் என்பது குரோம்பேட்டையில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடி. பின்னால் நீலத் துணி, முன்னால் பிளாஸ்டிக் பூங்கொத்து. கேபிள் உரிமையாளரே நடுவர். இந்தப் பக்கம் அண்ணன், புதுச் செருப்போடு. அந்தப் பக்கம் எதிர்க்கட்சி வழக்கறிஞர் ஒருவர். நடுவில் அக்கா. எனக்குக் கேமராவுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். கீழேயிருந்து பன் வெந்த வாசனை வந்துகொண்டிருந்தது.

அக்கா சொல்ல வேண்டியதை இரண்டே வரியில் சொன்னாள். சானடோரியம் வருவதற்குள் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார், கடைசி வரை நின்றுதான் வந்தார் என்றாள். அண்ணனின் கண் கலங்கியது. அது நடிப்பா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

வழக்கறிஞர் அவசரப்படவில்லை. "நீங்க தினம் அந்த வண்டியில போறீங்களாம்மா? சீசன் வச்சிருக்கீங்களா? காட்டுங்க" என்றார். அக்கா கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அதைக் கேமரா பக்கம் திருப்பிப் பிடித்துப் படித்தார்.

"குரோம்பேட்டை டு கடற்கரை. குரோம்பேட்டைக்கு முன்னாடிதானேம்மா சானடோரியம் வருது? நீங்க ஏறுறதுக்கு முன்னாடியே அவரு எழுந்து நின்னதை நீங்க எப்படிப் பாத்தீங்க? எவ்ளோ சொல்லிக் குடுத்தாங்க?"

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "யாரும் சொல்லிக் குடுக்கல. நான் தாம்பரத்துல ஏறினேன்."

"தாம்பரத்துக்கு எப்படிப் போனீங்க?"

அந்த இடத்தில் நான் எழுந்திருக்கலாம். நானும் அந்த வண்டியில் வந்தவன். சிங்கப்பூர் பழக்கத்தில் அன்று தாம்பரம் வரைக்கும் ஒன்று, அங்கிருந்து பார்க் வரைக்கும் ஒன்று என்று முறையாக டிக்கெட் வாங்கியவன்; வண்டியில் வந்த முந்நூறு பேரில் சட்டப்படி எல்லாம் சரியாக இருந்த சாட்சி நான்தான். அண்ணன் நின்றதை நான் பார்த்தேன் என்று ஒரு வரி சொன்னால் போதும், அக்காவை விட்டிருப்பார்கள். மறுநாள் சாயங்காலம் எனக்கு விமானம். பெயரில்லாத ஆண் குழந்தைக்கு எதற்கு டிவியில் வம்பு என்று நினைத்தேன். இல்லை, அதெல்லாம் பிறகு யோசித்துச் சொல்கிற காரணம். அப்போது எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

"ரிவர்ஸ்ல போனேன்" என்றாள் அக்கா. "ஏற முடியாதவங்க எல்லாரும் அப்படித்தான் போறோம்."

வழக்கறிஞர் கேமராவைப் பார்த்துச் சிரித்தார். "நேயர்களே, கூட்டத்துக்குக் காரணம் கிடைச்சாச்சு. டிக்கெட் இல்லாம ரிவர்ஸ்ல வந்து சீட்டை அடைச்சுக்கிறவங்கதான்."

அண்ணன் என்ன செய்வார் என்று பார்த்தேன். அவர் நின்றது நிரூபணமாகிவிட்டது. அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "சட்டத்தை யார் மீறினாலும் தப்பு தப்புதான். ரயில்வே இதுல கடுமையா நடவடிக்கை எடுக்கணும்" என்றார். இரண்டு கட்சிகளும் ஒரே கருத்தைச் சொன்னது எங்கள் தாம்பரம் வட்டார வரலாற்றில் அதுதான் முதல் தடவை என்று நடுவர் பெருமையோடு நிகழ்ச்சியை முடித்துவைத்தார். பன்னிரண்டு பெட்டியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

ஆறாம் நாள் காலை அக்காவோடு ஸ்டேஷனுக்குப் போனேன். அண்ணன் கட்சியின் புதுச் சுவரொட்டி பசை காயாமல் இருந்தது. 'உண்மை வென்றது' என்று போட்டு, டிவியிலிருந்து எடுத்த அக்காவின் படத்தை ஒரு மூலையில் வைத்திருந்தார்கள். தாம்பரத்தில் பரிசோதகர்கள் வரிசையாக நிற்கிறார்கள் என்று செய்தி வந்துவிட்டது. ஒருவரும் ரிவர்ஸ் போகவில்லை. லேடீஸ் பெட்டி நிற்கிற இடத்தில் அத்தனை பெண்களும் பிளாட்பாரத்திலேயே காத்திருந்தார்கள். தினம் காலையில் அக்காவுக்கு இடம் போட்டு வைக்கிறவர்கள், இட்லியும் இடியாப்பமும் பங்கு வைத்துச் சாப்பிடுகிறவர்கள். அக்கா போய் நின்றதும் பேச்சு நின்றது.

"சாரிம்மா" என்றாள் அக்கா பொதுவாக. ஒரு பெண் மட்டும், "நீங்க என்னக்கா பண்ணுவீங்க, கேட்டாங்க, சொன்னீங்க" என்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

முதல் வண்டி வந்தது. இரண்டு பேர் ஏறினார்கள். இரண்டாவது வண்டியில் ஒருவரும் ஏற முடியவில்லை. மூன்றாவதில் அக்கா வாசல் கம்பியைப் பிடித்துவிட்டாள். அந்தப் பெட்டியில் ஒரு வழக்கம் உண்டு. கம்பியைப் பிடித்தவளை உள்ளே இருப்பவர்கள் கையைக் கொடுத்து இழுத்துக்கொள்வார்கள். வாசலில் நான்கு பெண்கள் நின்றார்கள். எல்லாரும் அவளுக்குத் தெரிந்தவர்கள். கை வரவில்லை. வண்டி நகர, அக்கா கம்பியை விட்டுவிட்டாள்.

ஒன்பதே முக்காலுக்கு என் செல்போனில் முதலாளியோடு பேசினாள். ஆமாம் பாய், சரி பாய் என்றாள். கணக்குப் புத்தகத்தை எந்த அலமாரியில் வைத்திருக்கிறாள் என்று அவருக்கு விளக்கிச் சொன்னாள். போனைத் துடைத்து என்னிடம் கொடுத்தாள்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அந்நேரத்துக்குக் கூட்டம் குறைந்து, காலியாக ஒரு வண்டி வந்து நின்று போனது.

"நான் சொல்லியிருக்கணும்க்கா" என்றேன்.

"ஆமா" என்றாள் அக்கா. "உனக்காக ஒரு நிமிஷம் பாத்தேன். நீ எழுந்திருப்பேன்னுதான் நினைச்சேன்."

குரலில் கோபம் இல்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மதியத்துக்கு என்ன சமைக்கட்டும், சாயங்காலம் கிளம்புகிறவன் வயிறாரச் சாப்பிட்டுப் போ என்றாள்.